கொல்லிமலை தந்த கைவழிக் கல்வி

செம்மேட்டில் நிறுவப்பட்டுள்ள வல்வில் ஓரியின் சிலைக்கு ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி மாலை சூட்டப்பெறுகிறது. அரசு விழாவும் மலைமக்களின் ஆட்டமும் சங்க இலக்கியச் சொற்பொழிவுமாக அந்நாள்களில் மலை களைகட்டுகிறது. வன்பரணரும் கழைதின் யானையாரும் புறநானூற்றில் பாடியமையால் ஓரியை மறக்கத் தமிழுலகுக்கு வழியில்லை. பாடினோர் இருந்தனர், ஆதலால் அவன் இன்றும் இருக்கிறான். இதே மலையிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் புறப்பட்ட மற்றொரு கொடையும் உண்டு. அது பொன்னும் அன்று, யானையும் அன்று. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிச் சென்ற மருத்துவத் திறன். அதனைப் பாடினோர் இலர். எழுதியோரும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினர்; அவர்களும் நோய் தீர்த்த கதையை விரித்த அளவுக்குக் கற்பித்த கதையை விரிக்கவில்லை.

பால் பிராண்ட் என்ற பெயரைத் தொழுநோயாளரின் கைகளை நிமிர்த்திய அறுவை மருத்துவர் என்று மருத்துவ உலகம் அறியும். கொல்லிமலையில் அவர் இன்னும் பிராண்ட் துரையின் மகன். எவலின் அம்மையாரின் மகன். இவ்விரு அடையாளங்களுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று மறைந்து நிற்கிறது. அவர் ஓர் ஆசிரியர். அவர் தம் கையால் திருத்திய கைகள் எத்தனை ஆயினும் ஒரு மனிதர் வாழ்நாளுக்குள் அடங்குபவையே. அவரிடம் கற்றவர்களும், கற்றவர்களிடம் கற்றவர்களும் திருத்தியவற்றுக்கு அந்த எல்லை இல்லை. வரலாறு கணக்கெடுக்க வேண்டியது இதனையே.

வாழவந்தியில் ஒரு மரவீடு

இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து செம்மேட்டை அடைகிறது. 1913இல் அந்தப் பாதை இல்லை. நடை, அல்லது நால்வர் சுமக்கும் டோலி, வேறு வழியில்லை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மலையடிவாரச் சேந்தமங்கலத்தில் திருமணம் முடித்த ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் கொட்டும் மழையில் மலையேறினர். வாழவந்தியில் ஜெஸ்ஸி தம் கையால் எழுப்பிய மரவீடே அவர்கள் இல்லம். அவர் கட்டடத் தொழில் அறிந்தவர். சமவெளியில் அறுத்து இழைத்த மரங்களைத் தலைச்சுமையாக மேலே கொணர்ந்து, கறையான் அண்டாதவாறு தூண்களின்மேல் நிறுத்திக் கட்டினார்.

கொல்லி என்ற பெயருக்குப் புலவர்கள் கொல்லிப்பாவையைக் காரணமாகக் காட்டுவர். சமவெளியினர் காட்டிய காரணம் வேறு. மலைக்காய்ச்சல் கொல்லும் மலை என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் பொய்யன்று. மலேரியா அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. ஜெஸ்ஸி மருத்துவர் அல்லர். இலண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரி என்னும் நிறுவனம், தொலைநாடுகளுக்குச் செல்லும் சமயப் பணியாளர்க்கென ஓராண்டு மருத்துவப் பயிற்சி அளித்துவந்தது. அந்த ஓராண்டே அவர் கல்வி. அரைகுறைக் கல்வி என்று இன்றைய மருத்துவச் சட்டம் கூறும், கூறுவதில் தவறுமில்லை. ஆயினும் பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரும் ஏறிவராத மலையில், பல் பிடுங்குவதும் கட்டிகளைக் கீறுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் அவர் கையில்தான் விழுந்தன.

அன்று மலையை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. படிக்கட்டு வைத்த குளங்களிலும் கிணறுகளிலும் மக்கள் காலை நனைத்து நீர் முகந்தனர். நோயுற்றவரின் காலில் உள்ள கொப்புளம் நீர் பட்டதும் உடைந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலந்தன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்த்தெள்ளு அவற்றை விழுங்கியது; அந்த நீரைப் பருகியவர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு கழித்து முழம் கணக்கில் நீண்ட புழு தோலைத் துளைத்து வெளிவந்தது. அதனைப் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் புண் சீழ் கட்டும். ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குச் சிறிதாக வெளியே எடுப்பதே வைத்தியம். ஜெஸ்ஸி அவ்வாறு எடுத்த புழுக்கள் பல. ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தால் எடுப்பது முடியாது என்பதைக் கட்டடக்காரராகிய அவர் எளிதில் உணர்ந்தார். கால் நனையாமல் நீர் இறைக்கும்படி கிணற்றுக்குச் சுவர் எழுப்புவதும், அதன் காரணத்தை ஊராருக்கு விளக்குவதும் மருந்துப் பெட்டியைவிட முக்கியமாயின. மலைமக்கள் மீது விதிக்கப்பட்ட நிலவரி பற்றி அவர்கள் சார்பில் அதிகாரிகளிடம் வாதாடியதும், மரவேலையும் செங்கல் அறுப்பும் இளைஞர்க்குக் கற்பித்ததும் அதே மனப்போக்கின் வேறு கிளைகள். அவர் வந்தது சமயம் பரப்பவே. அதனை மறைத்து எழுத வேண்டியதில்லை. எனினும் அவரது தொழிற்கூடத்தில் உளி பிடிக்கக் கற்றவர்களுக்கும், அவர் சுவரெழுப்பிய கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கும் கிடைத்த பயனுக்குச் சமய எல்லை இல்லை.

தந்தையின் கையுறை

1914 சூலை 17இல் பிறந்த பால், தங்கை கோனியுடன் இந்த மலையில்தான் வளர்ந்தார். மரமேறுவதும் ஓடைகளில் அலைவதும் தமிழில் பேசுவதுமே அவரது இளமைக்கல்வி. ஒருநாள் மூவர் வீட்டு வாயிலை நோக்கி வந்தனர். கைவிரல்கள் குறுகி, காலில் கந்தை சுற்றிய அவர்களைக் கண்டதும் தாய் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார். எந்த நோயாளியையும் வெறுங்கையால் தொடும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டார். புண்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். தாய் ஒரு கூடையில் பழங்களை வைத்துக் கொடுத்தார், வந்தவர்கள் கூடையை விட்டுச் சென்றனர், அக்கூடை எரிக்கப்பட்டது. மறைவிலிருந்து பார்த்திருந்த சிறுவனுக்குத் தொழுநோய் என்ற சொல்லின் பொருள் அந்தக் கையுறையின் வழியே விளங்கிற்று. தந்தைக்கு அன்று தெரிந்த மருத்துவம் அவ்வளவே என்பதும் உண்மை. தொழுநோய்க்கு அப்போது உறுதியான மருந்து உலகில் எங்கும் இல்லை.

சீழும் இரத்தமும் நரம்புச் சிலந்தியும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு மருத்துவத்தின்மீது வெறுப்பே மிஞ்சியது. 1923இல் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை ஒவ்வொரு வாரமும் மலையிலிருந்து கடிதம் எழுதினார். மரங்கள், பறவைகள், பூச்சிகள் பற்றிய செய்திகளே அவற்றில் மிகுதி. 1929 சூன் மாதம் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி மறைந்தார். தந்தி முந்தியது, அதற்கு முன் அவர் எழுதி அஞ்சலில் சேர்த்த கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. இறந்த தந்தையின் எழுத்து மகனிடம் வாரக்கணக்கில் வந்துசேர்ந்த அந்தக் காலத்தைப் பின்னாளில் பால் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பள்ளி முடிந்ததும் அவர் தேர்ந்தது கட்டடத் தொழில். ஐந்து ஆண்டுகள் தச்சும் கொத்தும் கல்தச்சும் பயின்றார். பிறகு தந்தை படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியில் அதே ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது மருத்துவமனை ஒன்றில், இரத்தம் இழந்து உயிர் பிரியும் நிலையில் கிடந்த இளம்பெண் ஒருத்திக்குப் பிறர் இரத்தம் ஏற்றியதும் கன்னத்தில் நிறம் திரும்பியதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை மருத்துவக் கல்லூரிக்கு இழுத்துச் சென்றது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு நடுவே இலண்டனில் பயின்று அறுவை மருத்துவரானார். தச்சுப் பட்டறையில் கழிந்த ஐந்து ஆண்டுகள் வீண் என்று அன்று அவரே எண்ணியிருக்கக்கூடும். அவ்வாறன்று என்பதை வேலூர் காட்டிற்று.

வேலூரின் தேவை

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைப் பெரிய மருத்துவமனையாகவே பலரும் அறிவர். அதன் வேர் பள்ளிக்கூடம் என்பது மறக்கப்படுகிறது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் ஒரே இரவில் மூன்று இளந்தாய்மார் மகப்பேற்றில் மாண்டதைக் கண்டு மருத்துவம் பயின்றவர். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் அவர் பணி தொடங்கியது. ஒருவர் கையால் ஒரு மாவட்டத்தின் தாய்மாரைக் காக்க இயலாது என்ற உணர்வே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வடிவெடுத்தது. பெண்கள் எத்தனை பேர் சேர்ந்துவிடப் போகிறார்கள் என்று அரசு மருத்துவத் துறையின் தலைமை ஐயுற்ற அந்த முதல் ஆண்டில் விண்ணப்பித்தோர் 151 பேர். 1942இல் பட்டப்படிப்பு வந்தது. 1946இல் செவிலியர் கல்வியும் பட்டப்படிப்பாயிற்று. 1947இல் ஆண்களும் மாணவராயினர். பட்டப்படிப்பை நிலைநிறுத்த உயர்தகுதி பெற்ற ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். அவர்களைத் தேடித் திரிந்தவர் தொழுநோய் வல்லுநராகிய டாக்டர் ராபர்ட் காக்ரேன். அவர் அழைப்பை ஏற்று 1946 இறுதியில் பால் பிராண்ட் வேலூர் வந்தார். ஆகவே அவரை இந்தியா அழைத்தது நோய்தீர்க்க மட்டும் அன்று, முதலாவதாகக் கற்பிக்கவே.

1947இல் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோது, பிராண்டின் கண்கள் செடிகளை விட்டு நோயாளரின் கைகளிலேயே நின்றன. நகம்போல் மடங்கிய விரல்கள், குறைந்துபோன விரல்கள். இவை ஏன் இவ்வாறாயின என்று எலும்பு மருத்துவர்கள் கூறுவது யாது எனக் கேட்டார். எலும்பு மருத்துவர் ஒருவரும் இதனை ஆராய்ந்ததில்லை என்பது விடை. ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து இறுகப் பற்றச் சொன்னார். வலியால் கூவும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்த கை என்று உலகம் தள்ளிய கையில் வலுவான தசைகள் இருந்தன!

அந்தப் பிடியிலிருந்து பிறந்தது பின்வந்த ஆராய்ச்சி முழுவதும். தொழுநோய் நரம்புகளைக் கண்மூடித்தனமாக அழிப்பதில்லை. முழங்கையை அடுத்தும் மணிக்கட்டை அடுத்தும், தோலுக்கு அருகே, உடற்சூடு குறைந்த இடங்களில்தான் அவை வீங்கி நலிகின்றன. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்க, முன்கையின் தசைகள் பல நலமாகவே இருக்கின்றன. நலமான தசை ஒன்றன் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றி இணைக்கலாம். 1948இல் வேலூரில் இந்த அறுவை தொடங்கியது. தாங்குசுவர் எங்கே, உத்திரம் எங்கே, எந்த இழுவிசை எந்தத் திசையில் என்று பார்த்துப் பழகிய கண் தச்சர் கண். கையைக் கட்டடமாகப் பார்க்கும் அந்தப் பார்வையே 1985இல் கையின் இயக்கவியல் பற்றிய அவரது நூலாக வெளிவந்தது.

பயிற்சி மேசை

அறுவை முடிந்தால் கை குணமாகிவிடும் என்பது பார்வையாளர் எண்ணம். உண்மை வேறு. ஒரு விரலை மடக்கப் பயன்பட்ட தசை, இப்போது வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. மூளைக்கு அது தெரியாது. மடக்கு என்று எண்ணினால் வேறொன்று அசைகிறது. குழந்தை முதன்முதலாகப் பொருளைப் பற்றக் கற்பதுபோல, வளர்ந்த மனிதர் வாரக்கணக்கில் மேசைமுன் அமர்ந்து தம் கையை மறுபடி கற்க வேண்டும். மெழுகு ஒத்தடம், விரல் விரலாக நீட்டல், கட்டையைப் பற்றல், விடல். அறுவை மருத்துவர் செய்வது பாதி; மறுபாதியைச் செய்பவர் அந்த மேசையின் மறுபக்கம் அமர்ந்திருக்கும் பயிற்றுநர். இதனைப் பிராண்ட் தொடக்கத்திலேயே கண்டமைதான் அவரைப் பிற அறுவை மருத்துவரிலிருந்து பிரிக்கிறது. ரூத் தாமஸ் போன்ற இயன்முறை வல்லுநர்களைத் துணைகொண்டு, பள்ளிப்படிப்பு மட்டுமே உடைய உள்ளூர் இளைஞர்களுக்கு இந்தப் பயிற்சி கற்பிக்கப்பட்டது. நோயாளியாக வந்து கை திருத்தப்பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். தம் கையில் கற்றதைப் பிறர் கைக்குக் கற்பித்தனர். மருத்துவமனைகளின் ஏணியில் நோயாளி நிற்கும் படி எது, ஆசிரியர் நிற்கும் படி எது என்பதை அறிந்தோர்க்கு இதன் புதுமை புலப்படும்.

அறுவை செய்துகொண்டு திரும்பியவர் சிலர் மனம் வெதும்பினர். முன்பு மடங்கிய கையைக் கண்டு பிச்சையாவது இட்டார்கள். இப்போது கை நிமிர்ந்துவிட்டது, பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை. இதற்கு விடையாக 1951இல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிற்றூர் எழுந்தது. மண்சுவர்க் குடிசைகள், ஒரு தொழிற்கூடம். பிராண்டே அங்குத் தச்சாசிரியராக நின்றார். வாழவந்தியில் அவர் தந்தை நடத்திய பட்டறையை அறிந்தோர் இங்கு அதனை மறுபடி கண்டிருப்பர்.

அந்தத் தொழிற்கூடத்தில் ஆசிரியரும் மாணவரானார். தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பது பழைய நம்பிக்கை. மருத்துவர்களும் அதனையே நம்பினர். செங்கற்பட்டில் துருப்பிடித்த பூட்டைப் பிராண்ட் திறக்க இயலாமல் தவித்தபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது, தோல் எலும்பு வரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அன்றுமுதல் நவஜீவ நிலையத்தில் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப்பட்டது. இது சுத்தியல் பிடி தேய்த்த கொப்புளம், இது அடுப்பில் சட்டியைத் தொட்ட புண் என்று நாள்தோறும் கைகள் சோதிக்கப்பட்டன. ஆயினும் இரவில் உறங்கி எழுந்தபோது விரலில் ஒரு பகுதி காணாமற்போகும் விந்தைக்குக் காரணம் கிட்டவில்லை. இரவுக்காவல் இருந்து பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது, உறங்கியவர் உணரவில்லை. பூனை வளர்ப்பதே மருந்தாயிற்று! நலமான தசை தானாக அழுகுவதில்லை, வலி என்னும் காவலன் இல்லாமையால் கை சிதைகிறது என்ற முடிவு இவ்வாறுதான் உறுதிப்பட்டது. காயங்களைக் கண்டு சொன்னவர்கள் நோயாளிகளே. அந்த முடிவின் ஆசிரியர்களாக அவர்களையும் எண்ண வேண்டும்.

முகத்தில் வந்த ஆசிரியர்

வேலூர் வார்டில் ஒருநாள் நிகழ்ந்ததைப் பிராண்ட் தம் நூலொன்றில் எழுதியுள்ளார். பயிற்சி மருத்துவர் ஒருவர் நோயாளியின் கட்டிலருகே மண்டியிட்டு, போர்வைக்குள் கையை வைத்து வயிற்றைத் தொட்டுணர்ந்தவாறே மென்மையாகக் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார். தலை சிறிது சாய்ந்து, புருவம் ஒன்று உயர்ந்து, இதழில் ஒரு மெல்லிய முறுவல். பிராண்ட் திடுக்கிட்டார். அது இலண்டனில் அவருடைய ஆசிரியராக இருந்த பேராசிரியர் பில்ச்சரின் முகபாவம். இந்த மாணவர் பில்ச்சரைக் கண்டதே இல்லை. அவரை எங்கே கண்டீர் என்று கேட்டபோது மாணவர்கள் விழித்தனர். பில்ச்சரை அறியோம், நீங்கள் நோயாளியைத் தொடும்போது உங்கள் முகம் அவ்வாறுதான் இருக்கும் என்றனர். ஆசிரியர் அறியாமலே பெற்றதை, அறியாமலே கொடுத்திருக்கிறார். நன்னூலார் முதலாகத் தமிழ் இலக்கணிகள் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைத்தனர்; புருவம் உயர்வதும் ஒரு பாடம் என்பதற்கு அங்கே சூத்திரம் இல்லை.

அவரிடம் கற்றோரும் உடன் உழைத்தோரும் பலர். இருவரைப் பற்றிக் கூறுவது போதும். டாக்டர் மேரி வர்கீஸ் 1925இல் கொச்சியில் பிறந்து வேலூரில் பயின்றவர். 1954 சனவரியில் நேர்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்தது என்று அவர் எண்ணிய வேளையில், தொழுநோயாளரின் கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் பிராண்ட். நடக்க இயலாத மருத்துவர், பற்ற இயலாத கைகளைத் திருத்தினார். சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குள் வந்த மருத்துவரைக் கண்ட நோயாளர்க்கு வேறு ஆறுதல் மொழி தேவைப்பட்டிராது. பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையை நிறுவினார். இந்தியாவில் அத்துறைக்கு அது முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986இல் மறைந்தார். மற்றவர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி. வேலூர் மாணவராகத் தொடங்கி, தொழுநோய் அறுவை பற்றிப் பாடநூல் எழுதி, கரிகிரி மருத்துவமனையின் தலைவராக உயர்ந்தார்.

கரிகிரியைப் பற்றித் தனியே எழுதலாம். 1955இல் வேலூரை அடுத்த வறண்ட குன்றடியில் தொடங்கப்பட்ட அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு அறுவை கற்க மருத்துவர்களும், பயிற்சி மேசை கற்க இளைஞர்களும், மெத்தென்ற ரப்பரில் காலணி செய்யக் கற்கச் செருப்புத் தொழிலாளரும் வந்தனர். உணர்ச்சியற்ற பாதத்துக்குப் பொருந்தும் செருப்பு ஒன்று, பத்து அறுவைகளைத் தவிர்க்கும். ஆதலால் அங்குச் செருப்புத் தைப்பவரும் மருத்துவக் குழுவினரே. மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவத்தை வேலூரில் பணியினூடே கற்று, தொழுநோயாளரின் கண்களைக் காப்பதில் வல்லுநராகிப் பிறர்க்கும் கற்பித்தார். 1965இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க நாடுகள் அனைத்துக்குமான தொழுநோய்ப் பயிற்சி மையம் தோன்றியபோது அதற்கு வித்திட்டவர்களுள் பிராண்டும் ஒருவர்.

பெற்றுக்கொள்வதிலும் அவர் பின்வாங்கியதில்லை. பாதப் புண்ணைச் சுண்ணக்கட்டில் பொதிந்து ஆற்றும் முறையை இலங்கையின் அறுவை மருத்துவப் பேராசிரியர் மில்ராய் பால் கையாண்டு வந்தார். அதனை அறிந்த பிராண்ட், 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது அங்கும் எடுத்துச் சென்றார். அங்கிருந்து அது நீரிழிவு நோயாளரின் பாதத்துக்குரிய சிகிச்சையாகப் பரவியது. கொழும்பிலும் வேலூரிலும் ஏழைத் தொழுநோயாளர்க்குச் செய்த கட்டு, இன்று செல்வ நாடுகளில் நீரிழிவாளரின் காலை வெட்டாமல் காக்கிறது.

ஏட்டில் ஏறாத தமிழ்

தமிழறிந்தோர் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுப்புவது இயல்பு. இந்தக் கல்வி எந்த மொழியில் நடந்தது? ஒன்பது வயதுவரை மலையில் பேசிய தமிழ் பிராண்டுக்கு மீண்டும் கைகொடுத்தது. நோயாளியிடம் தமிழ், பயிற்சி மேசையில் தமிழ், விரிவுரையிலும் குறிப்பேட்டிலும் நூலிலும் ஆங்கிலம். கைவழியாக வந்தது தமிழரிடம் தங்கியது. சொல்வழியாகத் தமிழுக்கு வந்தது மிகக் குறைவு.

வேறு வழி இருந்ததில்லை என்று கூறவும் இயலாது. பிராண்டுக்கு நூறு ஆண்டு முன்னர், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவ மாணவர்களுக்கு முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பின்னர்த் தமிழுக்கு மாறினார். முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்வழியே மேலை மருத்துவம் கற்று வெளிவந்தனர். மாணவர்களின் துணையோடு அவர் ஆக்கிய ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் அச்சேறின. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும்வரை தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. ஆனால் 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தோன்றியது. அரசு வேலைக்கு அதுவே வாயில் ஆயிற்று. கிரீனின் நூல்கள் தமிழாசிரியர்களின் மேற்கோளாக வாழ்கின்றன; எந்த வார்டிலும் வாழவில்லை. 2023இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பாடநூல்கள் சில தமிழாக்கம் பெற்று வெளிவந்தன. அவற்றை மாணவர் கையில் எடுக்க வகுப்பறையில் ஓர் ஆசிரியர் வேண்டும். கிரீனுக்குப் பின் அறுந்தது நூல் அன்று, ஆசிரியர் தொடர்ச்சியே.

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கையில் கசப்பான ஓர் உண்மை தெரிகிறது. கிரீன் தமிழில் எழுதிவைத்தார். எடுத்துச் செல்ல ஆள் இல்லாமற் போயிற்று. பிராண்ட் ஆள்களை உருவாக்கினார். அவர்கள் கற்றது தமிழில் எழுதப்படவில்லை. தொழுநோய்க்குக் கூட்டுமருந்து முறை 1982இல் வந்தபின் புதிய நோயாளர் குறைந்தனர். பயிற்சி மேசைகளில் தமிழில் வழங்கிய சொற்களை அறிந்தவர்களும் ஓய்வு பெற்றுக் குறைந்து வருகின்றனர். மெழுகுக் கட்டிக்கும் விரல்தாங்கிக்கும் அவர்கள் இட்டு வழங்கிய பெயர்களைத் தொகுப்பது, நாட்டார் பாடலைத் தொகுப்பதற்கு எவ்வகையிலும் தாழ்ந்த பணி அன்று.

மலைக்குத் திரும்பியவர்

1952இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் அரசக் கல்லூரி பிராண்டுக்கு ஹண்டேரியன் பேராசிரியர் சிறப்பை அளித்தது. 1960இல் லாஸ்கர் விருது கிட்டியது. 2003 சூலையில் சியாட்டில் நகரில் அவர் மறைந்தார். இந்தப் பட்டியலில் சேராத ஒருவர் அவருடைய தாயார்.

கணவர் மறைந்தபின் இங்கிலாந்து சென்ற எவலின் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தார். சமவெளியில் பணிக்காலம் முடிந்து ஓய்வளிக்கப்பட்டபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அவர் கப்பலேறவில்லை, கொல்லிமலை ஏறினார். பின்னர்ப் பச்சைமலை, கல்வராயன் மலை, போதமலை, சித்தேரி மலை என்று சென்றார். விழுந்து எலும்பு முறிந்தபின் இரு கோல்களை ஊன்றியும், மட்டக்குதிரையில் அமர்ந்தும் ஊர் ஊராகப் போனார். நீரைத் துணியில் வடிகட்டுங்கள், கிணற்றுக்குச் சுவர் வையுங்கள், காலை நனைக்காதீர்கள். கணவர் கற்பித்த அதே பாடத்தைத் தொண்ணூறு வயதைக் கடந்தும் கற்பித்தார். 1974 திசம்பரில் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானபோது வாழவந்தியில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

செம்மேட்டில் இன்று அரசு மருத்துவமனை உண்டு. நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிற்றூர்களுக்கு நடந்து சென்று தாய்மாரைக் கணக்கெடுப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். நரம்புச் சிலந்தியை அவர்களுள் இளையோர் பாடப்புத்தகத்தில் மட்டுமே அறிவர். இந்தியாவில் அந்நோய் கண்ட கடைசி நோயாளி 1996 சூலையில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதெனச் சான்றளித்தது. அந்நோய்க்குத் தடுப்பூசி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதனைக் கொல்லும் மருந்தும் இல்லை. கிணற்றுச் சுவரும், வடிகட்டும் துணியும், அவற்றின் காரணத்தை வீடு வீடாகச் சென்று சொன்னவர்களுமே அதனை ஒழித்தனர்.